மேல்மாடி ஷவரும் கிரகண ஸ்நானமும்

எங்கள் வீட்டு மேல்மாடிக் குளியலறையில் ஷவர் என்று ஒன்று இருந்ததே தவிர, அதில் தண்ணீர் வந்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. திருகினால், நடுவில் இருக்கிற நாலைந்து ஓட்டைகளில் மட்டும் நூல் நூலாக இறங்கும். வீடு கட்டிய கொத்தனார், எல்லா வீட்டிலும் மாட்டுகிறார்களே என்று இங்கேயும் ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அதன் கழுத்தில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு உபயோகத்துக்குத்தான் அது லாயக்கு.

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில், அகலம் கம்மியாகவும் உயரம் ஜாஸ்தியாகவும் நிற்கிற வீடு எங்களுடையது. கீழே அர்ச்சனைத் தட்டு விற்கிற கடை. நடுமாடியில் யாத்ரீகர்களுக்கு விடுகிற அறைகள். ஆடிக் கிருத்திகை வந்தால் அங்கே மொட்டைத் தலையும் சந்தன வாசனையும் தெலுங்குப் பேச்சுமாக நிற்க இடமிருக்காது. எங்கள் பெண் கல்யாணமாகிப் பம்பாய் போனபின் மேல்மாடியில் நானும் என் கணவரும்தான். வாடகை கொண்டுவருகிற மாடியெல்லாம் கீழே, ஒன்றுக்கும் உதவாத நாம் இருவரும் உச்சியில் என்று அவரைச் சீண்டுவேன்.

தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே, மார்பு உயரத்துக்குச் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டியது. அங்கிருந்து கீழ்க்கடைக்கு இறங்குகிற தண்ணீர் வாளியையே நகர்த்திவிடும். நடுமாடியிலும் குறை கிடையாது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற எங்களுக்குத்தான் வேகம் இல்லை. விழுகிற உயரம் இருந்தால்தானே வேகம் வரும்? தொட்டியைத் தூக்கிக் கட்டலாமா என்று கேட்டதற்குக் கொத்தனார், இந்தத் தூண் அந்தப் பாரம் தாங்காது என்று கையை விரித்துவிட்டார். போகட்டும், வாளிக் குழாயில் மெதுவாகவாவது வாளி நிரம்புகிறதே என்று இருந்துவிட்டோம். வாளியும் சொம்பும் இருக்கிற வீட்டில் ஷவருக்கு என்ன வேலை?

வேலை வந்தது, என் கணவரின் தோள்களால்.

அவருக்கு மலைக் கோவில் மடப்பள்ளியில் சமையல். அவர் அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று வழிவழியாக வந்த கைங்கரியம். குடும்பத்தார் முறை வைத்துக்கொண்டு செய்வார்கள். எங்கள் முறை நடக்கிற நாட்களில் தினமும் தலையோடு குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் படியேறிப் போய் அடுப்பு மூட்ட வேண்டும். தலை நனையாமல் மடப்பள்ளி வாசலை மிதிக்க முடியாது. அது அவர்களுக்கு மூச்சு விடுவது போல.

ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கிளறினவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பகவானுக்குக் கூடவா கிண்டல் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வியாதி கொண்டுவந்து விட்டது இந்தத் தோள் இறுக்கத்தை. முதலில் வலது, அடுத்து இடது. அரக்கோணத்து டாக்டர், தானாக இளகினாலும் இளகும், இளகாமல் போனாலும் போகும் என்றார். அப்படிச் சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை மார்பு மட்டம் வரை வரும். துடுப்பைப் பிடித்துக் கிளறலாம், அரிசி களையலாம், வடை தட்டலாம். சமையலுக்குத் தலைக்கு மேல் கை தூக்க வேண்டிய அவசியமே இல்லை. மடித்துணி உலர்த்துகிற கொடியைக் கூட நான் இறக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் ஊற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை.

நடுமாடிக் குளியலறை யாத்ரீகர்கள் புழங்குகிற இடம், மடிக்கு ஆகாது; எங்கள் ஷவரின் நூல் தண்ணீரில் தலை முழுக்க நனையாது. கொஞ்ச நாள் வாளிக் குழாயின் அடியில் உட்கார்ந்து தலையை நீட்டிச் சமாளித்தார். அது முழங்கால் உயரத்தில் இருக்கிற குழாய். ஒரு நாள் உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். இடித்தேன், கத்தினேன். உட்கார்ந்தவர், கையை ஊன்றி எழுந்திருக்க முடியாமல் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். எப்படியோ சுவரோடு நகர்ந்து வந்து தாழ்ப்பாளைத் திறந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனிமேல் நானே ஊற்றுகிறேன், இதில் என்ன வெட்கம், இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாயிற்று என்று சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பொறந்த குழந்தைக்கு மத்தவா ஊத்துவா. செத்தப்புறம் மத்தவா ஊத்துவா. நடுவுல நானேதான் குளிப்பேன். முடியாத அன்னிக்கு முறையை அண்ணா பிள்ளைகிட்ட கொடுத்துட்டு ஆத்தோட இருந்துடறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சொம்பைத் தரையில் வைத்த சத்தம் கீழ்க்கடை வரை கேட்டிருக்கும். ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. மலைக்குப் போகாத நாட்களில் அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். காபி ஆறிப்போகும். நாலு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் வரும். முறை இல்லாத நாட்களுக்கே இந்தக் கதி என்றால், முறையே இல்லை என்று ஆனால்? அண்ணா பிள்ளை கெட்டவன் இல்லை. கைமணமும் உண்டு. ஆனால் எனக்கு என் மனுஷர் வேண்டுமே!

நடுமாடி அறைகளுக்குக் குழாய் வேலை பார்க்க வருகிற பிளம்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார். தான் வேலை செய்யாத ஓட்டலே சென்னையில் கிடையாது என்பார். அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

"தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவுல ஒரு சின்ன பம்ப் வெச்சா போதும் மாமி. திருகினா தானா ஓடும், மூடினா தானா நிக்கும். சாமி மழையில நிக்கிற மாதிரி நின்னுகினு குளிக்கலாம்" என்றார்.

அவரைச் சென்னைக்கு வாங்க அனுப்பினால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நானே ரயிலேறிப் போய், பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தேன். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த அம்மாள் மிக்ஸியா என்று கேட்டாள். பம்ப் என்றேன். கிணற்றுக்கா என்றாள். இல்லை, எங்காத்து மாமா குளிக்க என்றேன். அதற்கப்புறம் அரக்கோணம் வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பம்ப் வீட்டுக்கு வந்ததும் அடுத்த வம்பு ஆரம்பித்தது. உள்ளே தோல் இருக்கிறதா என்று என் கணவர் கேட்டார். ஒரு காலத்தில் கைபம்பில் தோல் வாஷர் போடுவார்கள். அந்தத் தண்ணீர் மடிக்கு ஆகாது என்று அவர் அப்பா கடைசிவரை கிணற்றில் இறைத்தே குளித்தவர். பிளம்பர், அதெல்லாம் எங்க நைனா காலத்தோட போச்சு சாமி, இப்ப எல்லாம் ரப்பர்தான் என்றார். கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் இவர். புதுப் பம்பைப் பிரித்தால் கம்பெனிக்காரன் கியாரண்டி கொடுக்கமாட்டான் என்று பிளம்பர் முனகினார். இவர் நகரவில்லை. கடைசியில் பிளம்பர் நாலு திருகாணியையும் கழற்றினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம், வளைந்த இதழ்களோடு. அதுதான் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிறதாம். அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். என் கணவர் அந்த வளையத்தை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பெருங்காயம் நல்லதா கெட்டதா என்று பார்க்கிற அதே தீவிரம். பிறகு சரி என்று தலையாட்டினார்.

மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன மேடை போட்டு, மேலே தகரம் கவிழ்த்து, பம்ப் உட்கார்ந்தது. ஷவருக்கு மட்டும் தனிக் குழாய். வாளிக் குழாய் பழையபடியே. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற வாயில் ஒரு சல்லடை மாட்ட வேண்டும், குப்பை போனால் பம்புக்கு ஆகாது, அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று பிளம்பர் சொன்னார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நானும் ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டு, அலுத்து விட்டுவிட்டேன்.

முதல் நாள் அவர் குளித்ததை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மேலே பம்ப் உறுமியது. உள்ளே தண்ணீர் தரையில் அறைகிற சத்தம். நிற்கவே இல்லை. தொட்டி காலியாகிவிடும் போலிருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது. ஆனாலும் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது தலையிலிருந்து தாடை வரை சொட்டிக்கொண்டிருந்தது.

"முதுகுல தண்ணி விழுந்து எத்தனை நாளாச்சுடி" என்றார்.

என்னைத் தொடக்கூடாத மடியில் இருந்தார். இல்லாவிட்டால் நானே கட்டிக்கொண்டிருப்பேன். விடிவதற்கு முன்னால் படியேறிப் போகிற அவர் முதுகை மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழ்க்கடைக்காரனை வலியக் கூப்பிட்டு, எங்காத்துல ஷவர் வருது தெரியுமோ என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அந்தப் பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கிரகணம் வருகிறவரை.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். சூரிய கிரகணம் சாயங்காலத்தில் பிடித்தது. காளஹஸ்தி மாதிரி கிரகணத்திலும் நடை திறந்திருக்கிற கோவில் இல்லை எங்களுடையது. மத்தியானமே சாத்திவிடுவார்கள். கிரகணம் விட்டதும் கோவிலைக் கழுவி, சுவாமிக்கு அபிஷேகம் செய்து, நைவேத்தியம் காட்ட வேண்டும். முறை எங்களுடையது. கிரகணம் பிடிக்கும்போது ஒரு குளியல், விட்டதும் கட்டின துணியோடு ஒரு குளியல். அந்த இரண்டாவது குளியல் ஆகாமல் மடப்பள்ளியில் கால் வைக்க முடியாது. அவருக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

கிரகணம் என்றால் எங்கள் வீடுகளில் தின்கிற குடிக்கிற பொருள் எல்லாவற்றிலும் தர்ப்பைப் புல் போடுவோம். தர்ப்பை இருந்தால் தீட்டு ஒட்டாது. நான் ஊறுகாய் ஜாடியிலும் தயிரிலும் தோசை மாவிலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டி அவர் பொறுப்பு. மார்பு உயரத் தொட்டி, அவர் கைக்கு எட்டும். மற்ற வருஷங்களில் இரண்டு புல்லைப் போட்டுவிட்டு வருவார். இந்தத் தடவை மூன்று மாடியும் இந்தத் தண்ணீரில்தான் குளிக்கப்போகிறது, சுவாமி காரியத்துக்கும் இதுதான் என்று ஒரு கைப்பிடி காய்ந்த தர்ப்பையைக் கிள்ளிக் கிள்ளித் தூவியிருக்கிறார்.

தொட்டி நிறைந்திருந்தபோது அது மேலே மிதந்துகொண்டிருந்தது. முதல் குளியல் குறையில்லாமல் நடந்தது. நடுமாடியில் தங்கியிருந்த ஆந்திரத்துக் கூட்டமும் குளித்துத் தள்ளியது. தண்ணீர் இறங்க இறங்க, புல்லும் இறங்கி, வெளியேறுகிற வாய்க்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பிளம்பர் வந்து பிரித்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. அந்தக் குட்டிச் சக்கரத்தைச் சுற்றித் தர்ப்பை முறுக்கிக்கொண்டு கிடந்தது. பம்புக்கு யாரு சாமி தர்ப்பை மோதிரம் போட்டது என்று கேட்டார். ஆனால் அது மறுநாள் சமாச்சாரம். அன்று சாயங்காலம் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

கிரகணம் விட்டது. அவர் உள்ளே போனார். மேலே பம்ப் வழக்கம்போல உறுமத் தொடங்கி, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு ஒலி எழுப்பி நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தகரத்துக்கு அடியில் தீய்ந்த வாசனை. சுவிட்சை அணைத்தேன். மறுபடி போட்டேன். முனகியதே தவிரச் சுற்றவில்லை. திரும்ப அணைத்துவிட்டு, பிளம்பரையும் பம்பையும் அதை விற்ற கடைக்காரனையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன். பள்ளிப்பட்டிலிருந்து அந்த நேரத்தில் யாரைக் கூப்பிட்டு யார் வருவது?

படிக்கட்டில் அண்ணா பிள்ளை நின்றிருந்தான். கீழே கடைக் குழாயில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட மேலே வந்திருக்கிறான். அவனுக்கும் நாற்பது வயசு ஆகப்போகிறது. பதவிசானவன்.

"சித்தி, கோவில் கழுவ ஆரம்பிச்சுட்டா. சித்தப்பாவுக்கு நேரமாகும்னா இன்னிக்கு நான் பாத்துக்கட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

அவன் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் இன்று இவன் போனால் அது இன்றோடு நிற்காது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர், முடியாத அன்றைக்கு முறையை விட்டுவிடுவேன் என்று வாக்கு கொடுத்த மாதிரி சொன்னவர். சொன்னதைச் செய்கிற பிடிவாதம் அவருக்கு உண்டு. நான் குளியலறைக் கதவருகே போய், பம்ப் ரிப்பேர், அண்ணா பிள்ளை கேட்கிறான், என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். உள்ளே ஷவரைத் திருப்பித் திருப்பித் திருகுகிற சத்தம்தான் கேட்டது. அண்ணா பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவர் எதையுமே தனக்கென்று கேட்டதில்லை. தனியாக ஒரு குளியல், அது ஒன்றைத்தான் கேட்டார்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு பாதி திறந்தது. தோள் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது. தலை காய்ந்திருந்தது.

"நீ முன்னாடி போய் அடுப்பை மூட்டி, அரிசியைக் களைஞ்சு வை. நான் வந்துடறேன்" என்று அவனிடம் சொன்னார். அவன் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

அவன் சத்தம் அடங்கியபின் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ ஊத்து" என்றார்.

எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாளிக் குழாயைத் திறந்துவிட்டு, அவர் தலையில் முதல் சொம்பை ஊற்றினேன். உடம்பு ஒரு தரம் உதறியது. கண்ணை மூடிக்கொண்டு, கங்கை யமுனை என்று நதிகளின் பெயரை முணுமுணுக்க ஆரம்பித்தார். தோளிலும் மார்பிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். எத்தனை பண்டிகைக்குச் சுட்ட வடையோ. அந்த உடம்பை வெளிச்சத்தில் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது. அதன்மேல் ஒரு இடம் பாக்கி விடாமல் ஊற்றினேன்.

போதும் என்றார். சொம்பை வைத்துவிட்டு, நேரமாயிற்று, கிளம்புங்கள் என்றேன். அவர் கிளம்பவில்லை.

"நீயும் தீட்டோடதானே நிக்கறே. உக்காரு."

நான் அப்புறம் குளித்துக்கொள்கிறேன், சுவாமி காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"உக்காருன்னேன்."

கட்டின புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். அவர் குனிந்து, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துத் தண்ணீர் மொண்டார். மார்பு மட்டத்துக்குத் தூக்கினார். அவர் கை எட்டுகிற உயரத்துக்குக் கீழேதான் என் தலை இருந்தது. என் உச்சியில் மெதுவாக ஊற்றினார். இன்னொரு சொம்பு மொண்டார். எனக்கும் சேர்த்து நதிகளின் பெயரைச் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் நிறுத்தவில்லை. ஆடாதே, காதுக்குள் போகும் என்று மட்டும் சொன்னார்.

பிறகு மடி வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, திருநீறு இட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் ஈரப் புடவையோடு வாசற்படியில் நின்றேன். பாதி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு பிளம்பரை வரச்சொல்லி பம்பைச் சரி பண்ணச் சொல்லு. ஆகலேன்னாலும் பரவாயில்லை" என்றார்.

அன்று நைவேத்தியப் பொங்கல் அவர் கையால்தான் ஆயிற்று.